ரெகினா யோனாஸ்

ரெகினா யோனாஸ் (ஆகஸ்ட் 3, 1902 – 1944) ஜெர்மனியின் பெர்லின் நகரில் பிறந்த யூத சமய ஆசிரியரும் அறிஞரும் ஆவார். முறையான தகுதிச் சான்று வழங்கப்பட்டு ராபி ஆன முதல் பெண் இவரே. 1935 ஆம் ஆண்டின் இறுதியில் இச்சான்றைப் பெற்ற இவர், நாஜி ஆட்சியின் கீழ் பெர்லினிலும், ராபிகளை இழந்த பிற ஊர்களிலும், பின்னர் தெரேசியன்ஸ்டாட் முகாமிலும் பணியாற்றினார். 1944 அக்டோபரில் அவுஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அதன் பின் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இவருடைய பெயர் வழக்கொழிந்து கிடந்தது. 1991 இல் இவருடைய ஆவணங்கள் கண்டெடுக்கப்பட்ட பின்னரே இவருடைய வாழ்வு உலகுக்குத் தெரிய வந்தது.

ராபி என்னும் பணி

யோனாஸ் எதைக் கேட்டார், எது மறுக்கப்பட்டது என்பதை அறிய, யூதத் தொழுகைக்கூடத்தில் யார் யார் என்ன செய்கின்றனர் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். ராபி என்பவர் பூசகர் அல்லர். பழங்கால எருசலேம் கோவிலில் பலி செலுத்திய குருக்களின் பணி பரம்பரை வழி வந்தது, கி.பி. 70 இல் உரோமர்கள் அக்கோவிலை அழித்ததோடு அப்பணியும் நின்றுபோனது. ராபி என்பவர் கற்றறிந்தவர். தோராவையும் தல்மூதையும் பயின்று, ஹலாகா எனப்படும் யூத சமயச் சட்டத்தில் எழும் ஐயங்களுக்குத் தீர்வு சொல்லத் தகுதி பெற்றவர். ஒரு கூட்டுத் தொழுகை நடைபெற மரபுப்படி பத்து வயது வந்த ஆண்கள் வேண்டும். ராபி கட்டாயம் இருக்க வேண்டும் என்பதில்லை. வழிபாட்டை இசையுடன் முன்னின்று நடத்துபவர் ஹஸான் எனப்படுகிறார். கூடத்தைப் பேணுதல், விளக்கேற்றுதல், நூல்களை எடுத்து வைத்தல் முதலியவற்றைச் செய்யும் பணியாளர் ஷமாஷ் எனப்படுகிறார். நிருவாகப் பொறுப்பு கப்பாய் என்பவருக்கு உரியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ராபியின் பணி விரிவடைந்தது. ஓய்வுநாளில் ஜெர்மன் மொழியில் சமயச் சொற்பொழிவு ஆற்றுதல், சிறுவர்களுக்குக் கற்பித்தல், நோயாளிகளையும் சிறைப்பட்டோரையும் சென்று காணுதல், திருமணத்தையும் இறுதிச் சடங்கையும் நடத்தி வைத்தல் ஆகியவை அவருடைய அன்றாட வேலைகளாயின. பல்கலைக்கழகப் பட்டமும் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது.

இங்கு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ராபிகளை நியமிக்கும் தலைமைப்பீடம் எதுவும் யூத சமயத்தில் இல்லை. ஒருவரைத் தேர்வு செய்து, இவர் சட்டத்தில் தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவர் என்று இன்னொரு ராபி சான்றளித்தால் அவர் ராபி ஆகிறார். ஆனால் அவருக்கு வேலையும் ஊதியமும் தருவது அந்தந்த ஊர் யூத சமூகமே. தகுதி ஓரிடத்திலும் பதவி இன்னோரிடத்திலும் இருந்த இந்த அமைப்பு, யோனாஸின் வாழ்வில் நன்மையாகவும் தடையாகவும் அமைந்தது.

இளமை

யோனாஸ் பெர்லினின் ஷொய்னன்ஃபியர்டல் பகுதியில் வளர்ந்தார். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய ஏழை யூதர்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி அது. தந்தை வூல்ஃப் யோனாஸ் ஒரு சிறு வணிகர், தாய் சாரா. ஆபிரகாம் என்னும் அண்ணன் ஒருவர் இருந்தார். 1913 இல் தந்தை காசநோயால் இறந்தபோது ரெகினா சிறுமியாகவே இருந்தார். குடும்பம் வறுமையில் வாடியது. எனினும் இரு பிள்ளைகளின் கல்வியைத் தாய் நிறுத்தவில்லை.

குடும்பத்தினர் மரபு வழுவாத சமயப் பற்றுடையவர்கள். பின்னர் அவர்கள் குடியேறிய பிரென்ஸ்லவர் பெர்க் பகுதியில் ரைக்கே வீதித் தொழுகைக்கூடத்துடன் தொடர்பு கொண்டிருந்த ராபி மாக்ஸ் வைல் என்பவர், பெண்களுக்கும் சமயக் கல்வி வேண்டும் என்ற கருத்துடையவர். இவர் ரெகினாவுக்குத் தல்மூதையும் சட்ட நூல்களையும் வாரந்தோறும் கற்பித்தார். மாணவி வளர்ந்து ராபி ஆன பின்னரும் இப்பாடம் தொடர்ந்தது. 1942 இல் வைல் நாடு கடத்தப்பட்டபோதுதான் நின்றது.

உயர்நிலைக் கல்வியை 1923 இல் முடித்த யோனாஸ், அடுத்த ஆண்டில் ஆசிரியர் தகுதியும் பெற்றார். அக்காலத்தில் ஒரு நடுத்தர யூதப் பெண் எதிர்பார்க்கக்கூடிய உயர்ந்த பணி அதுவே. அவர் அத்துடன் நிற்கவில்லை.

உயர்கல்வியும் ஆய்வேடும்

பெர்லினில் 1872 இல் தொடங்கப்பட்ட யூதவியல் உயர்கல்வி நிறுவனம், தாராளப் போக்குடைய ராபிகளை உருவாக்கிய கல்விக்கூடம். 1924 இல் யோனாஸ் இதில் சேர்ந்தார். அங்கு பிற பெண்களும் படித்தனர். ஆனால் அவர்கள் சமய ஆசிரியர் பட்டம் பெறும் நோக்குடன் படித்தவர்கள். ராபி ஆக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிப் படித்தவர் யோனாஸ் மட்டுமே. மாலை வேளைகளில் பாடம் கற்பித்து ஈட்டிய வருவாயைக் கொண்டு தம் படிப்பை நடத்தினார்.

1930 இல் அவர் அளித்த ஆய்வேட்டின் தலைப்பே ஒரு கேள்வி: பெண் ராபி பதவியை ஏற்கலாமா? தல்மூது பேராசிரியர் எடுவார்ட் பானெத் இதற்கு வழிகாட்டியாக இருந்தார்.

அன்றைய சீர்திருத்தவாதிகள் பலர், காலம் மாறிவிட்டது, ஆகவே சட்டமும் மாற வேண்டும் என்று வாதிட்டனர். யோனாஸ் அவ்வழியில் செல்லவில்லை. சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பெறும் உரிமை அவருக்கு வேண்டியதாயில்லை. விவிலியம், தல்மூது, பிற்காலச் சட்டத் தொகுப்புகள் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, உண்மையில் தடை எங்கே இருக்கிறது, வெறும் வழக்கம் எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டினார். ராபியின் பணிகளைத் தனித்தனியே ஆராய்ந்தார். சட்ட விவாதங்களில் கருத்துச் சொன்ன பெரூரியா போன்ற கற்றறிந்த பெண்கள் தல்மூதிலேயே இடம் பெற்றிருப்பதைச் சுட்டினார். முன்முடிவும் பழக்கமின்மையும் தவிரச் சட்டத்தில் பெண்ணுக்கு எதிராக ஏறக்குறைய எதுவுமில்லை என்பது அவர் கண்ட முடிவு.

அதே வேளையில், பெண்ணும் ஆணும் ஒன்றே என்ற வாதத்தையும் அவர் முன்வைக்கவில்லை. பரிவு, பிறர் மனமறிந்து பழகுதல், இளையோரின் நம்பிக்கையைப் பெறுதல் ஆகிய இயல்புகளால் ராபி பணிக்குப் பெண்கள் தேவைப்படுகின்றனர் என்றார். அடக்கம் என்னும் சமய ஒழுக்கத்தை வலியுறுத்திய அவர், ராபியாகும் பெண் மணம் செய்துகொள்ளாமலிருப்பதே நன்று என்றும் கருதினார். இன்றைய வாசகருக்கு இது பின்தங்கிய கருத்தாகத் தோன்றலாம். ஆனால் அவர் தம் வாதத்தை ஏற்கச் செய்ய விரும்பியது மரபுவாதிகளையும் சேர்த்தே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

மறுக்கப்பட்ட சான்று

ஆய்வேடு நல்ல மதிப்பீட்டைப் பெற்றது. ஆனால் ராபி சான்று வழங்கும் பொறுப்பிலிருந்த பானெத் அதே ஆண்டில் காலமானார். அவரிடத்துக்கு வந்த ஹனோக் ஆல்பெக், ஒரு பெண்ணுக்கு அச்சான்றை வழங்க இசையவில்லை. அதே நிறுவனத்தில் ஆசிரியராகவும் ஜெர்மானிய யூதர்களின் மிக மதிப்புக்குரிய ராபியாகவும் விளங்கிய லியோ பேக் என்பவரும் யோனாஸின் திறமையை அறிந்திருந்தும் முன்வரவில்லை. ஆகவே 1930 டிசம்பரில் சமய ஆசிரியர் என்ற பட்டத்துடன் மட்டும் யோனாஸ் வெளியேறினார்.

பேக்கின் தயக்கத்துக்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. பெரும்பாலான ஜெர்மானிய நகரங்களில் மரபுவாதிகளும் தாராளப் போக்கினரும் ஒரே யூத சமூக அமைப்பின் கீழ், ஒரே நிதியில் இயங்கினர். ஒரு பெண்ணுக்குச் சான்று வழங்கினால் இந்த ஒற்றுமை உடையும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. இத்தயக்கம் ஜெர்மனிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் ஹீப்ரு யூனியன் கல்லூரியில் மார்த்தா நியூமார்க் என்ற மாணவிக்காக இதே கேள்வி எழுந்தபோது, ஆசிரியர்கள் ஆதரவு தெரிவித்தும் 1923 இல் ஆட்சிக்குழு மறுத்துவிட்டது.

அடுத்த ஐந்து ஆண்டுகள் யோனாஸ் பெர்லின் பெண்கள் பள்ளிகளில் சமயம் கற்பித்தார். அழைத்த இடங்களில் சொற்பொழிவாற்றினார். 1933 இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது ஜெர்மனியில் ஏறத்தாழ 5,25,000 யூதர்கள் வாழ்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 1,60,000 பேர் பெர்லினில் இருந்தனர். பொதுப்பள்ளிகளிலிருந்து யூதப் பிள்ளைகள் விலக நேர்ந்ததால் யூதப் பள்ளிகள் நிரம்பி வழிந்தன. தம் சமயத்தைப் பற்றி அதுவரை அக்கறையில்லாதிருந்த குடும்பத்துப் பிள்ளைகளும் அவருடைய வகுப்புகளில் அமர்ந்தனர்.

சான்று பெறுதல்

ஒஃபன்பாக் நகர ராபி மாக்ஸ் டீனமன், தாராளப் போக்குடைய ராபிகளின் சங்கத்தில் முதன்மையானவர். சங்கத்தின் சார்பில் அவர் யோனாஸைத் தேர்வு செய்ய ஒப்புக்கொண்டார். ஹலாகாவில் வாய்மொழித் தேர்வு நடைபெற்றது. தேர்வில் வென்ற யோனாஸுக்கு 1935 டிசம்பர் இறுதியில் ராபி தகுதிச் சான்று வழங்கப்பட்டது. சமயச் சட்டக் கேள்விகளுக்கு விடையளிக்கவும் ராபி பதவியை ஏற்கவும் இவர் தகுதியுடையவர் என்று டீனமன் அதில் உறுதி கூறினார். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த நூரம்பெர்க் சட்டங்கள் வெளிவந்து அப்போது மூன்று மாதங்களே ஆகியிருந்தன.

மூன்றாண்டுகளுக்குப் பின் டீனமன் கைது செய்யப்பட்டு புகன்வால்ட் முகாமில் அடைக்கப்பட்டார். விடுதலையான பின் நாட்டை விட்டு வெளியேறி, 1939 ஏப்ரலில் டெல் அவீவ் நகரில் காலமானார்.

முதல் பெண் ராபி என்ற சொல்லைச் சற்று விளக்கமாகவே பயன்படுத்த வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் குர்திஸ்தான் பகுதியில் அஸ்நாத் பர்சானி என்ற பெண் ஒரு சமயக் கல்விக்கூடத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்று நடத்தியிருக்கிறார். கற்றலிலும் கற்பித்தலிலும் யோனாஸுக்கு முன்னோடிகள் உண்டு. தேர்வு, சான்று, பட்டம் என்ற முறையான வழியில் வந்தவர்களுள் இவரே முதல்வர்.

பெர்லினில் பணி

சான்று கிடைத்தது, தொழுகைக்கூடம் கிடைக்கவில்லை. பெர்லின் யூத சமூகம் 1937 இல் இவரை வேலைக்கு எடுத்துக்கொண்டது. ஆனால் பதவியின் பெயர் சமய ஆசிரியர் என்பதே. அத்துடன் யூத மருத்துவமனையிலும் முதியோர் இல்லங்களிலும் உள்ளோரைச் சந்தித்து ஆறுதல் கூறும் பணியும் தரப்பட்டது. நகரின் பெரிய தொழுகைக்கூடங்களில் ஓய்வுநாள் சொற்பொழிவு மேடை ஆண் ராபிகளிடமே இருந்தது. சொற்பொழிவைத் தவிர்த்துப் பார்த்தால், ராபியின் வேலைகளில் மிகக் கடினமான பகுதி அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது எனலாம்.

மக்கள் அவரை அழைத்த விதமும் புதிராகவே இருந்தது. ஜெர்மன் மொழியில் ராபியின் மனைவியைத் திருமதி ராபி என்று அழைப்பது வழக்கம். மணமாகாத இவர் செல்வி ராபி யோனாஸ் ஆனார். பதவிக்கு உரிய பெண்பாற் பெயர் அதுவரை தேவைப்பட்டதேயில்லை.

வெளிநாடு சென்றவர்கள் பெருகப் பெருக, பின்தங்கியவர்களுள் முதியோரே மிகுந்தனர். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட, இல்லங்களில் தனித்திருந்த பெற்றோர் பலருக்கு யோனாஸே வந்து பார்க்கும் ஆளாக இருந்தார். அவர் தாமும் வெளியேறவில்லை. வயது முதிர்ந்த தாய் அவருடனேயே வாழ்ந்து வந்தார்.

ராபிகள் இல்லாத ஊர்கள்

1938 நவம்பர் 9, 10 ஆகிய நாட்களில் ஜெர்மனி எங்கும் தொழுகைக்கூடங்கள் எரிக்கப்பட்டன. ஏறத்தாழ 30,000 யூத ஆண்கள் கைது செய்யப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் ராபிகள் பலர் இருந்தனர். நாட்டை விட்டு வெளியேறினால் மட்டுமே விடுதலை என்ற நிலையில் பெரும்பாலோர் வெளியேறினர். ரைக்கே வீதித் தொழுகைக்கூடம் குடியிருப்புகளுக்கு இடையில் இருந்தமையால் தீக்கிரையாகாமல் தப்பியது.

இப்போது யோனாஸுக்கு அழைப்புகள் வந்தன. ஜெர்மனியில் எஞ்சிய யூதர்களின் பொது அமைப்பு, ராபி இல்லாத ஊர்களுக்கு அவரை அனுப்பியது. 1940–41 குளிர்காலத்தில் பிரவுன்ஷ்வைக், கோட்டிங்கன், ஓடர் ஆற்றங்கரை ஃபிராங்ஃபுர்ட், வூல்ஃபன்புட்டெல், பிரேமன் ஆகிய ஊர்களில் அவர் சொற்பொழிவாற்றினார். பெண் மேடையேறலாமா என்ற கேள்வியை எழுப்ப அங்கே ஆளில்லை. பத்தாண்டுகள் வாதாடியும் திறவாத கதவு, உள்ளிருந்தோர் விரட்டப்பட்டதால் திறந்தது.

இக்காலத்தில் ஹாம்பர்க் நகர ராபி யோசஃப் நோர்டன் என்பவருடன் அவருக்கு நெருங்கிய நட்பு ஏற்பட்டது. மனைவியை இழந்தவரும் வயதில் மிக மூத்தவருமான நோர்டன் எழுதிய அன்பு நிறைந்த கடிதங்கள் யோனாஸின் ஆவணங்களில் உள்ளன. 1942 ஜூலையில் நோர்டன் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். 1943 தொடக்கத்தில் அங்கே இறந்தார்.

பெர்லினிலிருந்து யூதர்களை நாடு கடத்தும் தொடர்வண்டிகள் 1941 அக்டோபரில் ஓடத் தொடங்கின. யோனாஸ் ஒரு தொழிற்சாலையில் கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்டார். 1942 இல் லியோ பேக் அவருடைய ராபி சான்றை உறுதிப்படுத்திக் கையொப்பமிட்டார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கேட்டபோது கிடைக்காத கையொப்பம் அது. அதே ஆண்டில் அவர்கள் இருவரும் அறிந்த கல்வி நிறுவனம் நாஜிகளால் மூடப்பட்டது.

நாடு கடத்தப்படுமுன் யோனாஸ் தம் தாள்களை ஒழுங்குபடுத்தி, யூத சமூகத்தின் ஆவணக் காப்பகத்தில் சேரும்படி செய்தார். சான்றிதழ், ஆய்வேடு, கடிதங்கள், இரண்டு ஒளிப்படங்கள் ஆகியவை அவற்றுள் இருந்தன.

தெரேசியன்ஸ்டாட்

1942 நவம்பர் 6 அன்று யோனாஸும் தாயும் தெரேசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டனர். இன்றைய செக் குடியரசில் தெரெசின் என வழங்கும் கோட்டை நகரம் அது. அங்கு மொத்தம் 1,40,000 க்கும் மேற்பட்ட யூதர்கள் கொண்டுவரப்பட்டனர். ஏறத்தாழ 33,000 பேர் பசியாலும் நோயாலும் அங்கேயே இறந்தனர்; ஏறத்தாழ 88,000 பேர் அழிப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். முதியோருக்கான குடியிருப்பு என்று சொல்லி ஏமாற்றி அழைத்து வரப்பட்டவர்கள் பலர். வண்டியிலிருந்து இறங்கிய கணத்தில் அவர்கள் அடைந்த அதிர்ச்சி உயிரையே பறிக்கக்கூடியதாக இருந்தது.

வியன்னாவிலிருந்து வந்த மனநல மருத்துவர் விக்டர் பிராங்கிள், புதிதாக வருவோருக்கு உதவ முகாமுக்குள் ஒரு குழுவை அமைத்திருந்தார். யோனாஸ் அக்குழுவில் சேர்ந்தார். வந்திறங்குவோரை எதிர்கொண்டு, அவர்களிடம் பேசி, நிலைமையை எடுத்துரைத்து, மனம் உடைந்துபோகாமல் காப்பது அவருடைய வேலை. பெர்லின் மருத்துவமனையிலும் முதியோர் இல்லங்களிலும் செய்த வேலையின் தொடர்ச்சியே இது.

அவர் அங்கே சொற்பொழிவுகளும் ஆற்றினார். 24 சொற்பொழிவுகளின் தலைப்புகளைக் கொண்ட ஒரு பட்டியல் தெரெசின் ஆவணங்களில் எஞ்சியுள்ளது. ஒரே பெண் ராபி என்ற அடைமொழியுடன் அவருடைய பெயர் அதில் காணப்படுகிறது. விவிலியம், தல்மூது, திருநாட்கள், யூதப் பெண்களின் வரலாறு ஆகியவை அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள்.

1944 இலையுதிர்காலத்தில் தெரேசியன்ஸ்டாட்டிலிருந்து அவுஷ்விட்ஸுக்குத் தொடர்ந்து வண்டிகள் சென்றன. அக்டோபர் 12 அன்று சென்ற வண்டியில் யோனாஸும் தாயும் இருந்தனர். இருவரும் அங்கே கொல்லப்பட்டனர். யோனாஸுக்கு அப்போது வயது 42.

மறதியும் மீட்பும்

லியோ பேக், விக்டர் பிராங்கிள் ஆகிய இருவரும் உயிர் தப்பினர். பேக் இலண்டனில் குடியேறி 1956 வரை வாழ்ந்தார். பிராங்கிள் தம் முகாம் அனுபவங்களை எழுதி உலகப் புகழ் பெற்று 1997 இல் மறைந்தார். யோனாஸை நன்கு அறிந்திருந்த இவர்கள் தம் எழுத்துகளில் அவரை உலகுக்கு அறிமுகப்படுத்தவில்லை. அவரிடம் பயின்ற மாணவிகள் பலர் கொல்லப்பட்டனர். தப்பியோர் பல நாடுகளில் சிதறினர்.

இதன் விளைவு வரலாற்றுப் பதிவிலேயே தெரிந்தது. 1972 இல் அமெரிக்காவின் ஹீப்ரு யூனியன் கல்லூரி சாலி பிரீசாண்ட் என்பவருக்கு ராபி சான்று வழங்கியபோது, உலகின் முதல் பெண் ராபி என்றே செய்திகள் அவரைக் குறிப்பிட்டன. 1975 இல் பிரித்தானியாவில் ஜாக்கி டாபிக் முதல் பெண் ராபி ஆனார். அவருக்குச் சான்று வழங்கிய கல்லூரி, லியோ பேக்கின் பெயரால் அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது. பெண் ராபி ஆகலாமா என்ற விவாதத்தில் ஈடுபட்ட அடுத்த தலைமுறையினர், யோனாஸ் திரட்டி வைத்த சான்றுகளை அறியாமலே எல்லாவற்றையும் முதலிலிருந்து தேட வேண்டியதாயிற்று.

அவர் விட்டுச் சென்ற தாள்கள் போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனியின் காப்பகத்தில் யாரும் தேடாமல் கிடந்தன. பெர்லின் சுவர் வீழ்ந்த பின், 1991 இல், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய இறையியல் ஆய்வாளர் காத்தரீனா ஃபான் கெல்லன்பாக் இவற்றைக் கண்டெடுத்தார். 1999 இல் எலிசா கிளாப்ஹெக் அந்த ஆய்வேட்டை வாழ்க்கை வரலாற்றுடன் பதிப்பித்தார். இப்பதிப்பு ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஹங்கேரிய இயக்குநர் டயானா குரோ 2013 இல் இவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார்.

பெர்லினில் கிரவுஸ்னிக் வீதி 6 ஆம் எண் வீட்டு முகப்பில் 2001 இல் இவருக்கு நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. ரைக்கே வீதித் தொழுகைக்கூடம் புதுப்பிக்கப்பட்டு 2007 இல் மீண்டும் திறக்கப்பட்டது. யோனாஸுக்குப் பின் ஜெர்மன் மண்ணில் ராபி சான்று பெற்ற அடுத்த பெண் உக்ரைனில் பிறந்த அலினா டிரைகர். அச்சான்று 2010 நவம்பரில், பெர்லினில் வழங்கப்பட்டது.